பதினேழாம் எண் மண்

சிவப்பு என்று முதலில் சொன்னவள் நான்தான். மற்றவர்கள் வாயால் நீங்கள் இதைக் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொன்னால் என்னைக் கொஞ்சம் நல்லவளாக்கிச் சொல்வார்கள். எனக்கு அது வேண்டாம்.

அல்மா-அதாவுக்கு மேலே, மரங்கள் முடிகிற உயரத்தில் எங்கள் வான் ஆய்வுக்கூடம். தொலைநோக்கிக் கூண்டு ஒன்று, நீளமான மரக் கட்டடம் ஒன்று, குடியிருக்க நாலு வீடு. கட்டடத்தின் கடைசி அறை என்னுடையது. காகிதத்தில் என் வேலைக்கு உதவியாளர் என்று பெயர். உண்மையில் நான் மண் காயவைப்பவள். பைகளில் வருகிற மண்ணைக் காயவைத்து, சலித்து, கண்ணாடிக் குப்பியில் போட்டு, எண் ஒட்டி, நிறம் பார்த்து எழுத வேண்டும். அதற்கு முன் கம்பளப் பட்டறையில் நூலுக்குச் சாயம் போட்டுக்கொண்டிருந்தேன். ஆய்வுக்கூடத்தின் தலைவி வர்வாரா இக்னாத்யெவ்னா ஒரு நாள் பட்டறைக்கு வந்து, சிவப்பு நூல்கண்டுகளை என் முன்னால் கொட்டி, "இதுல எத்தனை நிறம் இருக்கு?" என்று கேட்டார். எண்ணிப் பார்த்து நாற்பது என்றேன். நாற்பது கண்டுகள்தான் இருந்தன. அன்றே என்னை மலைக்குக் கூட்டி வந்துவிட்டார்.

ஒவ்வொரு கிரகமும் ஏன் அந்த நிறத்தில் இருக்கிறது என்பது ஒன்றுதான் அந்த அம்மாளின் கவலை. கல்யாணம், பிள்ளை, வாய்க்கு ருசியான சாப்பாடு எதுவும் அதற்கு முன்னால் நின்றதில்லை. என் அறைச் சுவரில் கிரகத்துக்கு ஒரு தட்டு. சந்திரனுக்கும் புதனுக்கும் சாம்பலும் கருங்கல் பொடியும். காற்றும் தண்ணீரும் இல்லாத இடத்தில் கல் துருப்பிடிக்க வழியில்லை, சாம்பலாகவே கிடக்கும் என்பார். வெள்ளிக்கு உரிய தட்டு காலி. அது மேகத்தை இழுத்துப் போர்த்திக்கொண்டு கிடப்பதால் அதன் தரையை யாரும் பார்த்ததில்லை. செவ்வாய்க்கு மட்டும் மூன்று தட்டு நிறையக் குப்பிகள்.

"எல்லாம் இரும்பு பண்ற வேலை, உல்பிகே. நம்ம ரத்தம் ஏன் சிவப்பு? அதுலயும் இரும்புதான். அங்க ஒரு காலத்துல தண்ணி இருந்திருக்கணும். தண்ணி இல்லாம ஒரு ஊரே துருப்பிடிக்குமா?"

"எனக்கு என்னங்க தெரியும். என் வீட்டுல வாளிதான் துருப்பிடிக்குது" என்பேன்.

அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. செவ்வாயின் நிறத்தோடு இம்மியும் பிசகாமல் பொருந்துகிற ஒரு பிடி மண், நம் பூமியிலிருந்து. அது கிடைத்தால் அங்கே என்ன கிடக்கிறது என்று இங்கிருந்தே சொல்லிவிடலாமாம். ஏழு வருடத் தேடலில் ஒரு குப்பிகூடப் பொருந்தவில்லை.

மலை மலையாகச் சுற்றி மண் கொண்டுவருகிறவன் என் கணவருடைய தம்பி. எங்கள் கஸாக்குகளில் வாழவந்தவள் கணவன் வீட்டு ஆண்களின் பெயரை வாயால் சொல்லக் கூடாது. கிழவரானாலும் சரி, தொட்டில் பிள்ளையானாலும் சரி. நான் வந்தபோது அவனுக்கு எட்டு வயது. முதல் நாளே என் பூட்ஸுக்குள் தவளையைப் போட்டான். அன்றைக்கே அவனுக்கு வாலு என்று பெயர் வைத்தேன். ஊரே அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடும். வாலு என்று கூப்பிடுகிறவள் உலகத்தில் நான் ஒருத்திதான். என் கணவர் போருக்குப் போய் நாற்பத்து மூன்றில் இல்லாமல் போனார். அதன் பிறகு வீட்டில் அத்தை, நான், அவன், அவ்வளவுதான். அவனுக்குச் சோறு போட்டதும் அடித்ததும் எழுத்தறிவித்ததும் நான். பெற்ற பிள்ளைமேல் இதைவிட ஆசை இருக்குமா என்று எனக்குத் தெரியாது, நான் பெறவில்லை.

மண்ணை வெயிலில்தான் காயவைக்க வேண்டும் என்று வர்வாரா எழுதி என் அறைக் கதவிலேயே ஒட்டியிருந்தார். ஏன் என்று நான் கேட்டதில்லை. படித்தவர்களுக்கு இப்படிப் பத்துப் பிடிவாதம் இருக்கும் என்று விட்டுவிட்டேன். மழை நாட்களில் இரண்டு மூன்று தடவை அடுப்பின்மேல் வைத்தும் இருக்கிறேன். சாம்பல் நிற மண், எந்த வித்தியாசமும் தெரியவில்லை. வாலு ஒரு தடவை பார்த்துவிட்டான்.

"அண்ணிக்கு ஒரு அடுப்பு இருந்தா போதும், மழையக்கூட காயவச்சிடுவா" என்றான்.

"போய் அந்தம்மாகிட்ட சொல்லேன், மாட்டிவிடேன்."

"நான் எதுக்கு சொல்றேன். மண்ணே ஒரு நாள் சொல்லும்" என்று சிரித்தான்.

ஐம்பத்தாறாம் வருடம் ஆகஸ்ட் கடைசியில் குதிரையும் மொய்னாக் என்ற நாயுமாகக் கிளம்பினான். ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் பாதை இரண்டாகப் பிரியும். இடது பக்கம் செம்பள்ளம், வலது பக்கம் மஞ்சள்பள்ளம். இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு மலைமுதுகு. எதில் போவான் என்று அவனுக்கே தெரியாது, குதிரை திரும்புகிற பக்கம் போவான். செப்டம்பர் ஏழாம் தேதிக்குள் வந்துவிடுவேன் என்றான்.

நாலாம் தேதி லாரி ஓட்டுகிற தாவுத் ஒரு பையைக் கொண்டுவந்து என் மேசையில் தொப்பென்று போட்டான். பையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"பாலத்துகிட்ட ஒரு ஆட்டுக்காரன் குடுத்தான். உங்க கொழுந்தன் குடுக்கச் சொன்னானாம். ஆட்ட ஓட்டிக்கிட்டு அடிவாரத்துக்குப் போயிட்டான்."

"ஏண்டா, மூணு நாளா மழை கொட்டுது, பைய மூடி வைக்கத் தெரியாதா உனக்கு?"

"என்னையும்தான் யாரும் மூடி வைக்கல" என்று தலையைத் துவட்டிக்கொண்டான்.

பையோடு கட்டியிருந்த சீட்டில் மை முழுக்கக் கரைந்துவிட்டது. பதினேழு என்ற எண்ணும் தேதியில் பாதியும் மிச்சம். உள்ளே மண் இல்லை, கறுத்த சேறு. ஈரச் சேற்றில் எல்லா மண்ணும் ஒரே நிறம்தான், அதில் என் கண்ணும் ஒன்றும் செய்ய முடியாது. அந்த வாரம் செவ்வாய் பூமிக்கு ரொம்பவும் அருகில் வருகிறது. இனி இவ்வளவு அருகில் வர வருடக்கணக்காகும் என்று வர்வாரா தூக்கமில்லாமல் அலைந்துகொண்டிருந்தார். அன்று சாயங்காலம் வானம் திறக்கும் போலிருந்தது. "வந்த மண்ணு எல்லாம் இருட்டுறதுக்குள்ள தயாரா இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். வெயிலோ மூன்று நாளாக இல்லை.

சேற்றைத் தகரத் தட்டில் பரப்பி அடுப்பின்மேல் வைத்தேன். இரண்டு கட்டை கூடுதலாகவும் போட்டேன். வீட்டில் அத்தை மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கூட மாட இருந்து ரொட்டி சுட்டுவிட்டு, தேநீரும் குடித்துவிட்டுத் திரும்பினேன். அடுப்பின் இரும்புத் தட்டு பழுத்துக் கனன்றுகொண்டிருந்தது. மண் நன்றாகக் காய்ந்து, நல்ல சிவப்பாக இருந்தது. எனக்கு மகிழ்ச்சிதான்.

தொலைநோக்கியில் கண் வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. குப்பி மண்ணின் நிறத்தை அது கிரகத்தின் ஓரத்தில் கொண்டுபோய் வைக்கும். பொருந்தாத மண் என்றால் நடுவே ஒரு கோடு தெரியும். அன்றைக்குப் பதினேழாம் எண்ணை வைத்தபோது கோடு இல்லை. எது அங்கே, எது இங்கே என்று பிரிக்க முடியவில்லை. எட்டாத தூரத்தில் கிடக்கிற ஒரு தரையும் நான் தட்டில் கிளறிய மண்ணும் ஒன்றாகிக் கிடந்தன. வர்வாரா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்.

இரண்டு நாள் கழித்து மறுபடி கூப்பிட்டார். "உல்பிகே, வந்து பாரு. எனக்கு மட்டும்தான் அப்படித் தெரியுதா?"

பார்த்தேன். செவ்வாயில் வழக்கமாகத் தெரிகிற கறுத்த திட்டுகள், ஓரத்து வெள்ளை எதுவும் இல்லை. மஞ்சள். யாரோ ஈரத்துணியால் முகத்தைத் துடைத்துவிட்ட மாதிரி, கண்ணும் மூக்கும் இல்லாத ஒரு மஞ்சள்.

"புழுதிப் புயல். கிரகம் முழுக்க" என்றார். "ஆனா தரை சிவப்பா இருக்கு, அதுல இருந்து கிளம்பற தூசி ஏன் மஞ்சளா இருக்கு?"

எனக்கு அதை அதிக நேரம் பார்க்கப் பிடிக்கவில்லை. அது என்னைப் பார்க்கிறது என்று தோன்றியது.

ஏழாம் தேதி அவன் வரவில்லை. எட்டாம் தேதி அவன் குதிரை பாலத்துக்குக் கீழே, ஆற்றுப் பாறையில் செத்துக் கிடந்தது. கூட்டுப்பண்ணையிலிருந்து இருபது குதிரைக்காரர்கள் வந்தார்கள். அவர்களுக்குத் தலைவர் வரைபடத்தை என் மேசையில் விரித்தார்.

"அடுத்த வாரம் பனி விழுந்துடும். ரெண்டு பள்ளத்துலயும் தேட ஆளும் இல்ல, நாளும் இல்ல. பை குடுத்த ஆட்டுக்காரனையும் கண்டுபிடிக்க முடியல. எதுல போயிருப்பான்?"

வர்வாரா என்னைப் பார்த்தார். "கடைசியா வந்த மண்ணு என்ன நிறம்?"

சிவப்பு என்று நான் சொன்னது அப்போதுதான். குப்பியை எடுத்து அவர்கள் முன்னால் வைத்துக் காட்டவும் செய்தேன். எல்லோரும் செம்பள்ளத்துக்குப் போனோம்.

அது மடிப்பு மடிப்பான பள்ளம், மடிப்புக்குள் மடிப்பு. ஒன்பது நாள் தேடினோம். ஆண்கள் அவன் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். நான் மட்டும் "வாலு! வாலு!" என்று கத்தினேன். ஐந்தாம் நாள் மலைமுதுகுக்குக் கீழே நின்று கத்தி ஓய்ந்தபோது மேலேயிருந்து எங்கோ ஒரு விசில் கேட்டது. மெல்லிசாக, இரண்டு தடவை.

"தாவுத், கேட்டுச்சா?"

"மலை அணில் அண்ணி. நம்ம வாடை பட்டுடுச்சு, அதான் விசிலடிக்குது."

பூனை அளவில் இருக்கும் அந்த அணில்கள் ஆளைக் கண்டால் விசிலடிக்கும்தான். ஆனால் அந்த வாரம் அவை வளைக்குள் போய் வாயை அடைத்துக்கொண்டு தூங்கத் தொடங்குகிற காலம். எனக்கு அது தெரியும். மலையில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். இன்னும் ஒன்றிரண்டு தூங்காமல் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன்.

ஆறாம் நாள் ரொட்டி எடுத்துவர வீட்டுக்கு வந்தேன். வாசலில் மொய்னாக் கிடந்தது. பாதம் கிழிந்து, எலும்பும் தோலுமாக. காலும் வயிறும் காய்ந்த மண் அப்பி விறைத்திருந்தன. அத்தை பக்கத்தில் குந்தியிருந்தாள்.

"மருமவளே, நாயோட கால பாரு. மஞ்சளா இருக்கு."

"வர்ற வழியில பத்து மண்ணுல பொரண்டிருக்கும் அத்தை."

"வயிறு முழுக்க ஒரே மஞ்சள்டி. நீதான நிறம் பாக்கறவ, பாரேன்."

எனக்குக் கோபம் வந்தது. மூன்று நாளாகத் தூக்கமில்லை. நான் குப்பியில் வைத்துப் பார்த்ததைவிட, தொலைநோக்கியில் வைத்துப் பார்த்ததைவிட இந்தக் கிழவிக்கு நாயின் வயிறு அதிகம் சொல்கிறதா? வெந்நீர் வைத்து, சோப்புப் போட்டு நாயைக் குளிப்பாட்டினேன். தண்ணீர் மஞ்சளாக ஓடி வாசல் கல்லிடுக்கில் இறங்கியது. காயத்துக்குத் துணி சுற்றி, நடக்க முடியாத நாயை வீட்டில் கட்டிப்போட்டுவிட்டு மறுபடி செம்பள்ளத்துக்குப் போனேன். பத்தாம் நாள் பனி விழுந்தது.

அந்தக் குளிர்காலத்தில் அத்தை அவனுக்காக ஏழு ரொட்டி பொரிக்கவே இல்லை. செத்தவர்களுக்காக வெள்ளிக்கிழமை ஏழு ரொட்டி பொரித்து எண்ணெய் வாசனை காட்டுவது எங்கள் வழக்கம். "என் மவன் செத்தான்னு எவ சொன்னா?" என்று ஒரே பிடியாக நின்றாள். சாயங்காலங்களில் புகைபோக்கிக்குப் பக்கத்தில் காதை வைத்து உட்கார்ந்திருப்பாள்.

"விசிலடிக்கறான். கேக்கலையா உனக்கு?"

"காத்து அத்தை."

"காத்து ரெண்டு தடவ அடிச்சுட்டு நிறுத்துமா?"

எனக்கும் கேட்டது. கேட்கவில்லை என்று சொன்னேன். மொய்னாக் என் அறைக்குள் வருவதை நிறுத்திவிட்டது. வாசல்படி வரை வரும், அடுப்பைப் பார்க்கும், முறைத்துவிட்டுத் திரும்பிப் போகும். பதினேழாம் எண் குப்பியைப் பார்க்க மாஸ்கோவிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். கையில் வாங்கி, வெளிச்சத்தில் திருப்பி, செவ்வாய் செவ்வாய் என்று வியந்தார்கள். அவர்கள் போன பிறகு அந்த அறையில் தனியாக இருக்க எனக்குப் பயமாக இருந்தது. வேறெந்தக் குப்பிக்கும் அப்படி இல்லை.

மே மாதம், பதினேழாம் எண்ணைப் பற்றிய தன் கட்டுரையை முடிக்கப்போகிற நேரத்தில், வர்வாரா ஒரு பிடி மஞ்சள் காவி மண்ணோடு என் அறைக்கு வந்தார்.

"அந்தப் புழுதி ஏன் மஞ்சளா தெரிஞ்சுதுன்னு குளிர்காலம் பூரா மண்டையக் குடைஞ்சுது. இப்ப பாரு. இந்தக் காவியும் இரும்புத் துருதான். ஆனா இதுக்குள்ள தண்ணி கட்டிப்போட்டிருக்கு. நல்லா சூடு பண்ணினா அந்தத் தண்ணி போயிடும்."

"போனா?"

"அடுப்புல வையேன், நீயே பாப்ப."

மதிய வெயில் மேசையில் விழுந்துகொண்டிருந்தது. தகரத் தட்டில் காவியைப் பரப்பி அடுப்பில் வைத்தேன், அதே தட்டு. ஓரத்திலிருந்து தொடங்கியது. மஞ்சள் முதலில் பழுப்பாகி, பிறகு சிவந்தது. சிவப்பு உள்ளே உள்ளே நகர்ந்து வந்து நடுவில் கடைசி மஞ்சளையும் விழுங்கியது. வர்வாரா என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தார், எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. நான் எழுந்து கொட்டகைக்குப் போனேன்.

பழைய பைகள் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தன. பதினேழாம் பையை எடுத்து உள்ளே வெளியாகத் திருப்பினேன். தையல் மடிப்பில் ஒட்டியிருந்த சேறு எட்டு மாதம் தானாகவே காய்ந்திருந்தது. நகத்தால் சுரண்டினேன். உள்ளங்கையில் விழுந்தது சுத்தமான மஞ்சள், நெய் மஞ்சள்.

திரும்பி வந்து கையை வர்வாராவின் முன் நீட்டினேன்.

"பதினேழு. நான் அடுப்புல வச்சுதான் காயவச்சேன்."

அவர் என் கையைப் பார்த்தார், குப்பியைப் பார்த்தார், கதவில் தன் கையால் எழுதி ஒட்டிய காகிதத்தைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். கட்டுரையை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"அப்ப செவ்வாயும் ஒரு காலத்துல மஞ்சளாத்தான் இருந்திருக்கும்" என்றார் மெதுவாக. "தண்ணி போயிருக்கு. யாரு காயவச்சாங்களோ." பிறகுதான் அவருக்கு மற்றது உறைத்தது. "ஐயோ, உல்பிகே. அந்தப் பையன்."

ஜூன் தொடக்கத்தில் பாதை திறந்ததும் மஞ்சள்பள்ளத்துக்குப் போனோம். தாவுத், பண்ணைக்காரர்கள் இரண்டு பேர், நான். அத்தை விடாப்பிடியாக லாரியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். பாலத்தைத் தாண்டியதும் மொய்னாக் குதித்து ஓடியது. நாங்கள் அதன் பின்னால் போனோம். அரைநாள்கூட ஆகவில்லை.

ஆட்டுக்காரர்கள் கோடையில் தங்குகிற கல்குடிசை. நாய் வாசலில் படுத்துக்கொண்டது, உள்ளே போகவில்லை. நான் போனேன். முதலில் எனக்கு ஆளே தெரியவில்லை. சுவர், தரை, போர்வை எல்லாம் ஒரே மஞ்சள் புழுதி. அதற்குள் சுவரில் சாய்ந்து அவன் உட்கார்ந்திருந்தான். குளிரும் வறண்ட காற்றும் அவனைக் கெடாமல் வைத்திருந்தன. முகத்தின்மேலும் மஞ்சள் படிந்து, கண்ணும் மூக்கும் மறைந்திருந்தன. இந்த முகத்தை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன், தொலைநோக்கியில். வலது கால் இரண்டு கம்புகளுக்கு நடுவே வைத்துக் கட்டியிருந்தது. பக்கத்தில் சுவரோரமாக மண் பைகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் சீட்டு.

முதல் சீட்டு: "17, மறுபாதி. செப்டம்பர் 2. மஞ்சள்பள்ளம். மஞ்சள், நெய் நிறம். அண்ணி, வெயிலில் மட்டும். அடுப்பில் வைத்தாயோ, அவ்வளவுதான்."

மழையில் கரைந்துபோன சீட்டிலும் இதுதான் இருந்திருக்கும்.

"18. செப். 3. கால் ஒடிந்துவிட்டது. குதிரை ஓடிவிட்டது. பயமில்லை, 17 போய்ச் சேர்ந்திருக்கும். அண்ணி நிறத்தைப் பார்த்ததுமே எங்கே வர வேண்டும் என்று சொல்லிவிடுவாள்."

"24. செப். 9. மொய்னாக்கை அனுப்புகிறேன். காலிலும் வயிற்றிலும் இந்த மண்ணைக் குழைத்துப் பூசியிருக்கிறேன். எழுதிக் கட்டினால் அவிழ்ந்துவிடும். நிறம் போகாது."

"28. செப். 13. மலைமுதுகுக்கு அந்தப் பக்கம் குரல்கள். என் பெயர் கேட்டது. பிறகு அண்ணியின் குரல். வாலு என்று வேறு யார் கூப்பிடுவார்கள்? கத்த முடியவில்லை. விசிலடித்தேன், இரண்டு தடவை."

கடைசிப் பை முப்பத்து நாலு. செப்டம்பர் 19. "மஞ்சள்" என்று மட்டும் எழுதியிருந்தது. நாங்கள் தேடுவதை நிறுத்தி இரண்டு நாள் ஆகியிருந்தது.

சீட்டுகளை மடித்து மார்புக்குள் வைத்துக்கொண்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அத்தைக்குப் படிக்கத் தெரியாது. அந்த நினைப்பு எனக்கு வந்தது, வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். வெளியே கல்லின்மேல் உட்கார்ந்திருந்த அவள் முன்னால் மண்டியிட்டு எல்லாச் சீட்டையும் ஒன்றுவிடாமல் படித்தேன். இருபத்து நாலாம் சீட்டு வந்தபோது நாயைப் பார்த்தேன். அதையும் முடித்தேன்.

அவள் நாயின் காலைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"நான் சொன்னேன்ல?"

"சொன்னீங்க அத்தை."

"சோப்பு போட்டு தேச்ச."

"ஆமா."

அதன் பிறகு இன்றுவரை அவள் அதைப் பற்றிப் பேசியதில்லை. வைதிருக்கலாம், முடியைப் பிடித்து இழுத்திருக்கலாம். அதுவாவது எனக்குக் கிடைத்திருக்கும். அவள் எழுந்து, கற்களைக் கூட்டி, சட்டியை வைத்து, ஏழு ரொட்டி பொரித்தாள். எனக்கும் ஒன்று கொடுத்தாள். தின்றேன்.

எங்களில் பெண்கள் குழிக்குப் போவதில்லை. ஆண்கள் குடிசைக்கு மேலே இருந்த மேட்டில் அவனைப் புதைத்து, ஆளுக்கொரு பிடி மண் போட்டுவிட்டு இறங்கி வந்தார்கள். அவர்கள் கைகழுவப் போன பிறகு நான் மேலே ஏறினேன். என் கையில் பதினேழாம் எண் குப்பி. வரும்போது வர்வாராதான் அதை எடுத்துக் கொடுத்திருந்தார். மூடியைத் திறந்து அந்தச் சிவப்பு மண் முழுவதையும் மஞ்சளின்மேல் கொட்டினேன். பிறகு வழக்கத்தை விட்டேன். பதினாறு வருடமாக என் வாயில் வராத பெயரைக் கூப்பிட்டேன்.

"திலெமிஸ்!"

எதிர்மலை அதை மூன்று தடவை திருப்பிச் சொல்லி அடங்கியது. அதற்குப் பிறகு, மலைமுதுகின் அந்தப் பக்கத்திலிருந்து, மெல்லிசாக ஒரு விசில். இரண்டு தடவை.

"மலை அணில்தான் அண்ணி. ஜூன் மாசம், வெளிய வந்திருக்கும்" என்று தாவுத் கீழேயிருந்து சொன்னான். இருக்கலாம். அது அவை வெளியே இருக்கிற காலம்தான். நாய் மட்டும் எழுந்து நின்று, காதை உயர்த்தி, வாலை ஆட்டியது.

வருடத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்க்கிறேன். பனியும் மழையும் எத்தனையோ போயிருக்கின்றன. சூட்டில் போன தண்ணீர் மறுபடி வந்து ஒட்டுவதில்லை, அந்தச் சிவப்பு இனி மஞ்சளாகாது என்று வர்வாரா சொன்னார். சுற்றிலும் மஞ்சள் மலை, நடுவே ஒரு தட்டு அகலத்துக்குச் சிவப்பு. மேட்டின் அடியில் நின்றாலே தெரிகிறது. இப்போது சிவப்பைத் தேடிக்கொண்டு வந்தால் அவன் கிடைத்துவிடுவான்.